இடாப்பில் இல்லாத பிள்ளைகள்

ஓர் ஊரில் எத்தனை பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்பதைப் பாடசாலை இடாப்பை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இருபது வருடங்களாக இடாப்புக் கூப்பிட்டு வருகின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கின்றேன். கொட்டியாரக் குடாவின் காற்றுப் படுகின்ற எங்கள் ஊரில், காலை ஏழரைக்கு மணி அடித்து ஒழுங்கைகள் எல்லாம் வெறிச்சோடிய பிறகும் சில பிள்ளைகள் மிஞ்சியிருப்பார்கள். கிடுகு வேலியின் இடுக்கில் ஒரு முகம் தெரியும். திண்ணையில் சாய்த்து உட்கார வைக்கப்பட்ட ஒரு பையன், போகின்ற வருகின்ற சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருப்பான். இவர்களுடைய பெயர் எந்த வகுப்பு ஆசிரியரின் வாயிலும் வருவதில்லை.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 1945ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இலவசக் கல்வி இருக்கின்றது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் கல்வி பெற வேண்டும் என்று 1997இல் ஒழுங்குவிதி வந்தது. 2016இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்ந்தது. வலுவிழந்தவர் என்ற காரணத்தைக் காட்டி எவரையும் கல்வி நிறுவனத்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கின்றது. ஆனால் சட்டம் கொழும்பிலிருந்து புறப்பட்டு எங்கள் ஒழுங்கை வரை வந்து சேர்வதற்குள் மிகவும் களைத்துப் போய்விடுகின்றது. "இந்தப் புள்ளையப் பாக்க எங்களுக்கு ஆளில்ல, வீட்டுல வெச்சுப் படிப்பிச்சுக் குடுங்க" என்று ஒரு பாடசாலையின் காரியாலயத்தில் நல்ல மரியாதையாகச் சொல்லியனுப்பிய கதையை நான்கு உம்மாமார் நான்கு விதமாக என்னிடம் சொல்லியிருக்கின்றார்கள்.

வெளிநாடுகளில் பெற்றோர் தாமாகவே விரும்பித் தெரிவு செய்கின்ற வீட்டுக் கல்வியைப் பற்றி வாசித்திருக்கின்றேன். அதற்குப் பாடத்திட்டம் உண்டு, புத்தகம் உண்டு, சங்கம் உண்டு. எங்கள் ஊரின் வீட்டுக் கல்வி அப்படிப்பட்டதல்ல. அது கதவு சாத்தப்பட்ட பிறகு உம்மாமார் அடுப்படியில் கண்டுபிடித்தது.

அப்படிப்பட்ட ஐந்து பிள்ளைகளை நான் அருகிருந்து பார்த்திருக்கின்றேன். ஒருத்தி பிறவியிலேயே காது கேளாதவள். அவளும் உம்மாவும் தங்களுக்குள் ஒரு கைப்பாஷையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். மீனுக்கு ஒரு சைகை, வாப்பாவுக்கு ஒரு சைகை, மழைக்கு ஒரு சைகை. அந்தச் சைகைகளுக்குப் பக்கத்தில் எழுத்தை வைத்து வைத்தே அந்த உம்மா அவளுக்கு வாசிக்கப் பழக்கியிருந்தார். ஒரு பையனுக்கு டவுன் சின்ட்ரோம். பயறும் பருப்பும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லி அவனுக்கு எண்ணப் பழக்கினார்கள். இருபது வரை பிழையில்லாமல் எண்ணுவான். அதற்கு மேல் எல்லாமே அவனுக்கு 'நிறைய'தான். இன்னொரு பையனுக்குக் கால்கள் இரண்டும் இறுகியவை, பேச்சும் இழுபடும். ஆனால் எழுத்து அச்சு மாதிரி. அவனுடைய தங்கச்சிக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லை. நானாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத் தரம் இரண்டோடு மறிக்கப்பட்டவள் அவள். அவன் படித்ததையெல்லாம் பக்கத்திலிருந்து தானும் படித்துக்கொண்டாள். ஐந்தாமவன் எட்டு வயதுப் பையன். பேசமாட்டான், சத்தம் பொறுக்கமாட்டான். ஓட்டிசம் என்று திருகோணமலை கிளினிக்கில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளை ஏன் வீட்டோடு வைத்திருக்கின்றார்கள் என்பதற்கு வெட்கம் மட்டுமே காரணம் என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் மாவட்டத்தைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது ஓடினோம். 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் பிள்ளை குட்டிகளோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. ஓடுகின்ற சனத்துக்கு, நடக்க முடியாத பிள்ளை என்பது தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பிள்ளை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, கிளினிக்குக்குப் போவதென்றால் 'பாதை' என்று நாங்கள் சொல்கின்ற மிதவையில் அந்தப் பிள்ளையை ஏற்றி இறக்க வேண்டும். தூக்குவதற்குரிய பிள்ளை, காப்பாற்றுவதற்குரிய பிள்ளை, துஆக் கேட்பதற்குரிய பிள்ளை. இப்படித்தான் நமது சனம் இவர்களை அறிந்துவைத்திருக்கின்றது. இரக்கமில்லாத சனம் அல்ல. இரக்கம் ஒரு பக்கமாகவே ஓடிப் பழகிய சனம்.

2017ஆம் ஆண்டு டெங்கு வந்தது. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் கண்டது. 400 பேருக்கு மேல் மௌத்தானார்கள். வருடத்தின் முற்பகுதியில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. மார்ச் மாதத்தில் கிண்ணியா வலயத்துப் பாடசாலைகளைச் சில நாட்களுக்கு மூடினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் சொல்லத் தொடங்கினால், பெயர் வரும் வரை அடுப்படியில் கை ஓடாது.

சிரமதானம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 1958இல் ஏ. ரீ. ஆரியரத்ன என்ற ஓர் ஆசிரியர், கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடங்கிய வேலை, இன்று எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்று பொருள். அந்த மார்ச் மாதத்தில் ஊரே சிரமதானத்தில் இறங்கியது. வாலிபர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். பள்ளிவாசல் நிருவாகிகள் உழவு இயந்திரம் பிடித்துக் கொடுத்தார்கள். டயர்களும் சிரட்டைகளும் மலை மாதிரிக் குவிந்தன.

ஆனால் நுளம்பின் கணக்கு வேறு. டெங்கு நுளம்பு வாய்க்காலில் முட்டையிடுவது குறைவு. வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் தெளிந்து நிற்கின்ற தண்ணீர்தான் அதற்குப் பிரியம். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, பூச்சாடியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கரையில் ஏற்றிவைத்த தோணிக்குள் தேங்கிய மழைத்தண்ணீர், பிள்ளைகள் வீசிய யோகட் கோப்பை. முட்டை நுளம்பாகிப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே ஒரு நாள் பெரிதாகச் செய்கின்ற சிரமதானம் போதாது. ஒவ்வொரு கிழமையும், ஒவ்வொரு வீட்டிலும், அதே பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலை. பாடசாலை திறந்தால் மாணவர்கள் போய்விடுவார்கள். காய்ச்சல் தணிந்தால் வாலிபர்களும் போய்விடுவார்கள்.

ஒவ்வொரு கிழமையும், ஒரே நாளில், காலை நேரத்தில் ஊரில் இருப்பவர்கள் யார்? அந்தக் கேள்வியைக் கேட்டது நான் அல்ல. டவுன் சின்ட்ரோம் உள்ள பையனின் உம்மாதான். பாடசாலை மூடியிருந்த நாளொன்றில் என்னுடைய வாசலில் வந்து நின்று, "சேர், எங்கட ஒழுங்கைய எங்கட புள்ளைகளே பாக்கட்டும். அவங்க எங்க போகப் போறாங்க?" என்றார். கேட்கும்போது கேலி மாதிரி இருந்தது. ஆனால் அவர் கேலி செய்யவில்லை.

எங்கள் ஒழுங்கையில் 22 வீடுகள். அந்தப் பிள்ளைகளுக்கு வேலையைப் பிரித்தவர்கள் உம்மாமார்தான். யாருக்கு எது முடியும் என்பதை எந்தப் பரீட்சையும் வைக்காமல் அவர்கள் அறிந்திருந்தார்கள். காது கேளாத பிள்ளைக்குக் கண் கூர்மை. தண்ணீருக்குள் கூத்தம்பிப் புழு நெளிவதை நாங்கள் குனிந்து தேடுவதற்குள் அவள் விரலால் காட்டிவிடுவாள். டவுன் சின்ட்ரோம் உள்ள பையன் பாத்திரத்தைக் கவிழ்ப்பவன். போன கிழமை எந்த வளவில் எந்த மூலையில் எந்தச் சட்டி இருந்தது என்பது அவனுக்கு மறக்காது. அதைக் கவிழ்த்துத் தேய்க்காமல் அந்த வீட்டை விட்டு வரவும் மாட்டான். "போன கிழமதானே பாத்த மகன்" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டாலும் அவனுக்கு அது காதில் ஏறாது. படித்த பிள்ளைகளிடம் எனக்குக் கிடைக்காத குணம் இது. இந்த வேலைக்கு வேண்டிய குணமும் இதுதான். சக்கர நாற்காலி மணலில் புதையும் என்பதால் கால் இறுகிய பையன் ஒழுங்கை முகப்பில் வேப்பமரத்தடியில் இருப்பான். 22 வீட்டுக் கணக்கும் அவனுடைய கொப்பியில்தான். தங்கச்சி வீட்டுக்கு வீடு ஓடி வந்து சொல்வாள், அவன் எழுதுவான். பேசாத பையனுக்கு மணல் என்றால் உயிர். பூச்சாடித் தட்டுகளில் தண்ணீர் நில்லாதபடி மணல் நிரப்புவது அவனுடைய பங்கு. மூன்று வீடுகள் செய்வான். நான்காவது வீட்டில் திரும்பி நடந்துவிடுவான். மூன்று வீடுதான் அவனுடைய அளவு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

சில வரம்புகளையும் உம்மாமார் வைத்தார்கள். கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் போவதில்லை, கூரையில் ஏறுவதில்லை, மருந்து தொடுவதில்லை, உடைந்த போத்தலைப் பெரியவர்கள்தான் எடுப்பது. புகை அடிக்கும் இயந்திரம் ஒரு நாள் முன்னறிவித்தல் இல்லாமல் ஒழுங்கைக்குள் வந்தபோது, பேசாத பையன் சத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டான். ஒரு மணித்தியாலம் தேடிய பிறகு கவிழ்த்து வைத்த தோணிக்கு அடியில் கண்டெடுத்தோம். அதற்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே அந்த உம்மாவுக்குச் சொல்லியனுப்பினார். ஓர் அரசாங்க உத்தியோகத்தர் இந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்காகத் தன்னுடைய வேலை நேரத்தை அறிவித்தது அதுவே முதல் தடவை.

எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. காது கேளாத பிள்ளையின் வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பிய அன்று என்னிடம் நேராக வந்தார். "சேர், என்ட புள்ளைய ஊருக்குக் காட்சி காட்டவா கூட்டிட்டுப் போறீங்க? நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் காட்சி பேச வேணாமா?" என்றார். குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது. என்னிடம் அவருக்குத் தருவதற்குப் பதில் இருக்கவில்லை. அவருடைய மனைவிதான் உள்ளேயிருந்து பதில் சொன்னார்: "ஊருக்குத் தெரியாத புள்ளைய ஆரு கேட்டு வரப் போறாங்க?" அவர் எழும்பிப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பிள்ளை வந்தாள்.

இன்னொரு நாள் நடந்ததை எழுதாமல் விட முடியாது. ஒரு வீட்டில் டவுன் சின்ட்ரோம் உள்ள பையன் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுப் பெரியம்மா நல்லவர், தொழுகை விடாதவர். பையனைப் பார்த்துக் கண் கலங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐம்பது ரூபாயை எடுத்து அவனுடைய கையில் பொத்தினார். "சதகாவா வெச்சிக்க மகன். அல்லாஹ் ஒனக்கு லேசாக்கி வெப்பான்" என்றார். பையன் தாளைப் பார்த்தான், உம்மாவைப் பார்த்தான். உம்மா சிரித்துக்கொண்டே அந்தத் தாளை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். "இவன் இண்டைக்கு வேலைக்கு வந்திருக்கான் ராத்தா. தண்ணி ஒரு கோப்ப குடுங்க, போதும்" என்றார். பெரியம்மாவின் முகம் சிறுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் வந்தது, பையனுக்கு முதலில் வந்தது.

அந்தப் பெரியம்மாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம்முடைய மார்க்கத்தில் தருமத்துக்கு உள்ள இடம் எல்லோருக்கும் தெரியும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தருமம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். பணமில்லாதவனும் தருமம் செய்யலாம் என்பதுதான் அதன் விரிவு. அப்படியிருக்க, இந்தப் பிள்ளைகளை மட்டும் நாம் எப்போதும் வாங்குகின்ற பக்கத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டோம். ஸகாத் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கும். நோன்புக் கஞ்சி முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகும். கொடுத்ததற்கு நன்மை கிடைக்கும் என்று நம்புகின்ற நாம், அந்த நன்மையைச் சம்பாதிக்கும் வழியை அவர்களுக்கு அடைத்துவிட்டு, அடைத்ததையே இரக்கம் என்று நினைத்துக்கொள்கின்றோம்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் சரிதையை நமது மிம்பர்களில் அடிக்கடி கேட்கின்றோம். பார்வையற்ற அந்த ஸஹாபி நபி (ஸல்) அவர்களிடம் வந்த சந்தர்ப்பத்தில் 'அபஸ' சூரா இறங்கியது. பயான் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பார்வையற்றவர்களின் மனதை நோகடிக்கக்கூடாது என்ற பாடத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால் அவருடைய வாழ்க்கை அதோடு முடியவில்லை. அவர் பிலால் (ரழி) அவர்களோடு மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சந்தர்ப்பங்களில் ஊரின் பொறுப்பு அவரிடம் விடப்பட்டிருக்கின்றது. ரமழானில் பிலாலின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும். அதற்குப் பிறகும் உண்ணலாம், பருகலாம். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்டால் ஸஹர் முடிந்துவிட்டது. ஒரு முழு ஊர் தன்னுடைய நோன்பைப் பார்வையற்ற ஒருவரின் குரலில் தொடங்கியது. விடிந்துவிட்டது என்று பக்கத்திலுள்ளவர்கள் சொன்ன பிறகுதான் அவர் பாங்கு சொல்வார் என்றும் அந்த ஹதீஸில் வருகின்றது.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கின்றேன். விடியலைக் காண அவருக்கு இன்னொருவர் உதவி தேவைப்பட்டது. அந்த உதவி தேவைப்பட்டது என்பதற்காகப் பாங்கு சொல்லும் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்படவில்லை. உதவியும் பொறுப்பும் ஒருவரிடத்தில் சேர்ந்தே இருந்தன. நாம் அப்படிச் செய்வதில்லை. "இவனுக்கு உதவி வேணுமே, அப்ப இவன் எப்பிடிச் செய்வான்?" என்று கேட்டு வேலையை வாங்கிவிடுகின்றோம். வேப்பமரத்தடியில் இருந்த பையனுக்குத் தங்கச்சியின் கால்கள் வேண்டியிருந்தன. ஆனால் கணக்கு அவனுடையது. ஒரு வீட்டின் பெயர் விடுபட்டால் ஊர் அவனைத்தான் கேட்டது.

பாடசாலை திரும்பத் திறந்ததும் நான் வகுப்புக்குப் போய்விட்டேன். வியாழக்கிழமை வேலை நிற்கவில்லை. அதை உம்மாமார் நடத்தினார்கள். நான் லீவு நாட்களில் கொப்பியைப் பார்ப்பதோடு சரி. அதனால் டெங்கு ஒழிந்தது என்று எழுதினால் அது பொய். ஓர் ஒழுங்கையின் சட்டிகளைக் கவிழ்த்து ஓர் ஊரின் நோயை நிறுத்த முடியாது. வடகீழ்ப் பருவமழைக்குப் பின்னால் அது திரும்பவும் வந்து பார்க்கின்றது. மாறியது வேறு. ஒழுங்கையில் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுகின்ற விதம் மாறியது. முன்பு அவரவர் குறையைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். பிறகு 'கொப்பிக்காரன்' என்றார்கள், 'புழு புடிக்கிற புள்ள' என்றார்கள். அடுத்த வருடம் தங்கச்சியைப் பாடசாலையில் சேர்த்தார்கள். நானாவுக்கு இப்போது பார்க்க ஒழுங்கையே இருக்கின்றது, அவள் ஏன் மறிபட வேண்டும் என்று அவர்களுடைய உம்மாவே கேட்டார்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டின் எல்லாப் பாடசாலைகளும் மூடப்பட்டபோது, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் வீட்டுப் பிள்ளைகளானார்கள். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பி நாங்கள் களைத்தோம். பிள்ளையை இருத்தி வைக்கத் தெரியாமல் பெற்றோர் களைத்தார்கள். அப்போது பக்கத்து வீட்டு உம்மாமார் யோசனை கேட்டுப் போனது இந்த உம்மாமாரிடம்தான். ஒரு வேலையை எப்படிச் சிறு துண்டுகளாக்குவது, எந்த நேரத்தில் நிறுத்துவது, சொல்வதை விட்டு எப்போது செய்து காட்டுவது என்பதையெல்லாம் ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சில மணித்தியால விரிவுரையாகத் தந்தார்கள். இவர்கள் அதையே தினமும் செய்து தேறியிருந்தார்கள். பள்ளிவாசலில் உலருணவுப் பொதி கட்டியபோது டவுன் சின்ட்ரோம் உள்ள பையனை நிருவாகிகளே ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். ஒரு பொதிக்கு என்ன என்ன என்று ஒரு தடவை காட்டினால் போதும், அவனுடைய கையில் எதுவும் விடுபடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படி எழுதும்போது, வேலை செய்து காட்டினால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பு என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் ஊரில் படுக்கையை விட்டு எழும்ப முடியாத ஒரு பிள்ளையும் இருக்கின்றாள். கையும் அசையாது, பேச்சும் இல்லை. சட்டி கவிழ்க்கவும் கணக்கு எழுதவும் அவளால் ஆகாது. அவளுக்குரிய உரிமை அதனால் ஓர் அணுவும் குறையாது. பாடசாலையில் இடம், ஆஸ்பத்திரியில் கவனிப்பு, ஊரில் மரியாதை என்பவையெல்லாம் உழைப்புக்குக் கூலியாகக் கிடைப்பவை அல்ல. பிள்ளைகள் வியாழக்கிழமைகளில் அவளுடைய வீட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே போல, படம் எடுக்கின்றவர்களும் வந்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பதாகை கொடுத்து, சான்றிதழ் வழங்கலாம் என்றார்கள். உம்மாமார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாய்க்கால் வெட்டிய வாலிபர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லையே, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் என்பது அவர்களுடைய கேள்வி. நல்ல கேள்வி.

அந்த ஐவரும் இப்போது பெரிய பிள்ளைகளாகிவிட்டார்கள். கொப்பிக்காரன் பள்ளிவாசலின் சந்தாக் கணக்கை எழுதுகின்றான். பேசாத பையன் இப்போது ஆறு வீடுகள் செய்கின்றான். காது கேளாத பிள்ளை, ஊரில் அதே குறையோடு பிறந்த இரண்டு சிறுமிகளுக்குத் தன்னுடைய கைப்பாஷையைப் பழக்குகின்றாள். நாட்டின் சைகை மொழியை முறையாகப் படிப்பிக்க எங்கள் ஊரில் ஆளில்லை. 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலை இங்கிருந்து நாட்டின் மறு கரையில் இருக்கின்றது. வீட்டில் பிறந்த சைகைகள் ஒழுங்கை வரை வந்துவிட்டன. அதற்கு அப்பால் அவளை யார் விளங்கிக்கொள்வார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கின்றது. அதற்கு உம்மாமாரின் கெட்டித்தனம் போதாது. வலயக் கல்வி அலுவலகமும் ஜமாஅத்தும் சேர்ந்து ஓர் ஆசிரியையைக் கொண்டுவர வேண்டும். போன நோன்புக்கு முன்னர் பள்ளிவாசல் கூட்டத்தில் இதைச் சொல்ல எழும்பியவர், ஒரு காலத்தில் மகளைக் காட்சி காட்டுகின்றீர்களா என்று என்னைக் கேட்ட அதே வாப்பாதான். கடிதம் எழுதத் தீர்மானித்திருக்கின்றோம். கொப்பிக்காரன்தான் எழுதுகின்றான்.